வன்னியில கையால நூல் நூற்று பை, சால்வை, பட்டி செய்யிறது: எங்க தொடங்கலாம்?

புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. யூடியூப் பாத்து குரோசேயும் நிட்டிங்கும் பழகிட்டாவாம், இனிக் கடை நூல் வாங்காமல் இயற்கை நாரில தானே நூல் நூற்று பை, தொப்பி, கழுத்துச் சால்வை, கைப்பட்டி எண்டு செய்து விக்க விருப்பமாம். செம்மறி வூல் எங்க எடுக்கலாம், இராட்டை கட்டாயம் வாங்க வேணுமோ, சாயத்துக்கு என்ன செய்யிறது, உண்மையில இதில வருமானம் வருமோ எண்டெல்லாம் கேள்வி. கனக்க இருக்கிறபடியால் ஆறுதலா இருந்து எழுதுறன், நீளமாப் போகும், கையில நேரம் இருக்கேக்க வாசியுங்கோ.

தங்கச்சி, முதல்ல ஒரு விசயத்தை மனசில பதிச்சுக்கொள்ளுங்கோ. நாரைப் பாத்துத்தான் என்ன சாமான் செய்யிறது எண்டு முடிவெடுக்க வேணும். சாமானை முதல் யோசிச்சுப்போட்டு அதுக்கு நார் தேடி அலையக்கூடாது. யூடியூப்பில நீங்கள் பாக்கிற சனம் முக்கால்வாசி குளிர் நாட்டுச் சனம், அங்க ஆட்டு மயிர் இருக்கு, அதுக்கேத்த மாதிரித் தொப்பியும் ஸ்வெட்டரும் வந்தது. எங்களிட்ட இருக்கிறது பருத்தி, வாழை, சணல், பனை, தென்னை. இதுக்கெல்லாம் தனித்தனிக் குணம் இருக்கு, அந்தக் குணத்தோட ஒத்துப்போனால் வேலை லேசு, எதிர்த்து நிண்டால் காலமெல்லாம் கரைச்சல்தான்.

வூல் கதையை கெதியா முடிச்சுவிடுறன். எங்கட பக்கத்துச் செம்மறி, யாழ்ப்பாணச் செம்மறி எண்டு சொல்லுற இனம், அதுக்கு நூற்கிற மாதிரி வூல் கிடையாது, உடம்பில இருக்கிறது கட்டை மயிர், இறைச்சிக்கும் எருவுக்கும் வளக்கிற ஆடு அது. ஆகவே வன்னியில வூல் எண்டு தேடி நேரத்தை மினக்கெடுத்த வேண்டாம். டவுண் கடையளில "வூல்" எண்டு உருண்டையா விக்கிறது பெரும்பாலும் அக்ரிலிக், அதாவது பிளாஸ்ரிக் நூல். சந்தேகமெண்டால் ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கோ. அக்ரிலிக் உருகிக் கறுத்த மணியா இறுகும், பருத்தி கடதாசி எரிஞ்ச மணத்தோட சாம்பலாகும், உண்மையான வூல் தலைமயிர் கருகின மணம் வரும். இயற்கை நார் எண்டு சொல்லி விக்கப்போறீங்கள் எண்டால் இந்தச் சோதனை உங்களுக்குக் கைவந்திருக்க வேணும், ஆரும் உங்களுக்கு நூல் தந்தாலும் கொளுத்திப் பாத்துத்தான் எடுக்க வேணும்.

இப்ப பருத்திக்கு வருவம், உங்களுக்கு அடித்தளமே இதுதான். வன்னியில கன வீடுகளில வேலிக்கரையில ஒரு பருத்தி மரம் நிக்கும், விளக்குத்திரிக்கு எடுக்கிறது. தொண்ணூறுகளில போர்க்காலப் பொருளாதாரத் தடை நேரம் ஜாம் போத்தல் விளக்குக்கு வீட்டுப் பஞ்சில திரி உருட்டின அம்மாக்கள் இப்பவும் இருக்கினம், அவையின்ர விரலுக்கு ஏற்கனவே பாதி வேலை தெரியும், கேட்டுப் பாருங்கோ. சில வீட்டு மரங்களில கொட்டையெல்லாம் ஒண்டோடொண்டு ஒட்டி ஒரு கட்டியா இருக்கும், கண்டால் விடாதேங்கோ, அந்தப் பஞ்சு நீளமானது, கொட்டையில இருந்து லேசா வழுக்கிக்கொண்டு வரும், நூல் பழகத் தொடங்கிற ஆளுக்கு அதை விட நல்ல பஞ்சு கிடையாது. மற்ற இனங்களில கொட்டை மேல கட்டைச் சுணை ஒட்டியிருக்கும், பிரிக்கிறது கஷ்டம், ஆனால் செய்யலாம். ஐப்பசி, கார்த்திகை மழையோட விதை போட்டால் மாரி ஈரத்திலயே செடி எழும்பும், மழை விட்டு வெயில் பிடிக்கிற காலத்தில காய் வெடிக்கும். மழைக்குள்ள காய் வெடிச்சால் பஞ்சு கறுத்து மக்கிப்போகும், அதனாலதான் காலம் பாத்துப் போடுறது. கொட்டையோட எடுக்கிற பஞ்சில ஏறத்தாழ மூண்டில ஒரு பங்குதான் நூற்கிற பஞ்சு, மிச்சம் கொட்டை. ஒரு கிலோ வேணுமெண்டால் மூண்டு கிலோ பறிக்க வேணும் எண்டு கணக்கு வச்சுக்கொள்ளுங்கோ. கொட்டையை ஆட்டுக்குப் போடலாம், நல்லதா நாலு பிடி விதைக்கு எடுத்து வையுங்கோ.

கொட்டை எடுக்க மெசின் தேவையில்லை. மட்டமான கல்லோ பலகையோ, பென்சில் தடிப்பில ஒரு இரும்புக் கம்பி, ரெண்டும் காணும். பஞ்சை நல்ல வெயிலில கொஞ்ச நேரம் காய விட்டு, ஒரு கொட்டைப் பஞ்சைக் கல்லில வச்சு கம்பியை மேல வச்சு முன்னுக்கு உருட்டினால் கொட்டை முன்னால பிதுங்கிப் போகும், பஞ்சு கம்பிக்குப் பின்னால தங்கும். அதுக்குப் பிறகு பஞ்சை விரலால கோதி, கட்டியெல்லாம் எடுத்து, ஒரு சின்ன மூங்கில் வில்லில நைலோன் நாண் கட்டி பஞ்சுக்குள்ள வச்சு மீட்டினால் பஞ்சு பொங்கி எழும்பும். பொங்கின பஞ்சை மெல்லிசாப் பரப்பி ஒரு ஈர்க்குக் குச்சியில சுருட்டி, குச்சியை உருவி எடுத்தால் விரல் நீளச் சுருள் வரும். இந்த இடத்தில அவசரப்படாதேங்கோ. ஆக்கள் நூல் நூற்க வராது எண்டு கைவிடுறதுக்குக் காரணம் முக்காலும் பஞ்சு சரியாக் கோதாததுதான், சுருளுக்குள்ள கட்டி இருந்தால் எந்த இராட்டையும் உங்களைக் காப்பாத்தாது.

இராட்டை கட்டாயமோ எண்டு கேட்டீங்கள், இல்லை. தக்ளியில, அதாவது கையால சுத்தி நூல் நூற்கிற சின்னக் கம்பியில, தொடங்குங்கோ. பழைய சைக்கிள் சில்லுக் கம்பி ஒண்டை வளைஞ்ச தலைப்பை வெட்டிப்போட்டு ஏழு அங்குலமா எடுத்து, ஒரு நுனியைக் கூராவும் வழுவழுப்பாவும் அராவி, மற்ற நுனியில சின்னக் கொக்கி வளைச்சு, கூர் நுனியில இருந்து ஒரு அங்குலம் மேல ரெண்டு இரும்பு வாசரை அரல்டைற் பசை போட்டு ஒட்டினால் தக்ளி ரெடி. வாசர் கோணலா ஒட்டினால் தக்ளி நடுங்கும், சுத்திப் பாத்து நேராக்கிப்போட்டுக் காய விடுங்கோ. பருத்தி நார் கட்டை, அதனால தக்ளியை அந்தரத்தில தொங்கவிட்டுச் சுத்தினால் பாரத்துக்கு நூல் அறும், ஒரு சிரட்டைக்குள்ள கூர் நுனியை ஊண்டிச் சுத்த வேணும். வலக்கையால சுத்தி விட்டு, இடக்கையில சுருளை மெதுவாப் பிடிச்சுப் பின்னுக்கு இழுங்கோ. மெதுவா எண்டு சொல்லுறது குருவிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி. இறுக்கினால் பஞ்சு வராது, அறும். விரலுக்குள்ள பஞ்சு ஒண்டன் பின்னால ஒண்டா வழுக்கிக்கொண்டு போறது தெரியும், முறுக்கு ஏறேக்க ஒரு சின்ன இறுக்கம் விரல் நுனியில பிடிபடும், அது பிடிபட்டாப் பிறகு கண்ணை மூடிக்கொண்டும் நூற்கலாம். எங்கயாவது தடிச்சு வந்தால் அந்தத் தடிப்புக்கு ரெண்டு பக்கமும் பிடிச்சு, முறுக்கைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பிரிச்சு மெல்ல இழுங்கோ, தடிப்பு மெலியும். அறுந்தால் முடிச்சுப் போடாதேங்கோ, நூல் நுனியை ரெண்டு அங்குலம் புதுப் பஞ்சுக்கு மேல படுக்க வச்சு திரும்பச் சுத்தினால் தானே ஒட்டும்.

முறுக்கு காணுமோ எண்டு பாக்க ஒரு வழி இருக்கு. புதுசா நூற்ற நூலில ஒரு முழம் எடுத்து ரெண்டு நுனியையும் கிட்டக் கொண்டு வாங்கோ, நடுப்பகுதி தானாச் சுழண்டு ரெட்டை நூலாகும். அப்பிடிச் சுழளுறது நெருக்கமா வடிவா இருந்தால் முறுக்கு காணும், சோம்பலாத் தொங்கினால் காணாது, முண்டு முண்டாச் சுருண்டு கட்டினால் கூடிப்போச்சு. பின்னலுக்கோ நெசவுக்கோ போகமுன்னம் ஒவ்வொரு கண்டிலயும் இதைப் பாருங்கோ.

அடுத்தது ரெட்டைப்படுத்திறது. ஒத்தை நூலில பின்னினால் பை கோணிக்கொண்டு ஒரு பக்கம் சரியும், சதுரமாத் தொடங்கினது சரிஞ்ச கட்டமா முடியும், முறுக்கு ஒரு பக்கமே இழுக்கிறதால வாற வினை அது. ரெண்டு ஒத்தை நூலைச் சேத்து நூற்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாச் சுத்தினால் ரெண்டு முறுக்கும் ஒண்டையொண்டு பிடிச்சு நூல் அமைதியாகும். நிட்டிங்குக்கும் குரோசேக்கும் ரெட்டை, இல்லாட்டி ரெட்டையை ரெட்டையாக்கின நாலு. நூலைக் கண்டாச் சுத்தி நாலு இடத்தில தளர்வாக் கட்டி, கொஞ்சம் சலவைச் சோடா போட்ட தண்ணியில ஒரு மணித்தியாலம் கொதிக்க வைக்க வேணும். தண்ணி தேத்தண்ணி நிறத்தில வரும், பயப்பட வேண்டாம், பஞ்சில இருக்கிற மெழுகும் அழுக்கும்தான் கழண்டு வருது. இது நடக்காமல் சாயமும் பிடியாது, பின்னின சாமான் முதல் கழுவலில சுருங்கியும் போகும்.

காத்தைப் பற்றியும் சொல்ல வேணும், வேற நாட்டு வீடியோவில இது இருக்காது. வைகாசியில இருந்து சோளகம், அதாவது தென்மேல் காத்து, அடிக்கேக்க காத்து உலர்ந்து போய்க் கிடக்கும், அந்த நேரம் பஞ்சு பறக்கும், விரலில நிக்காது, நூல் சும்மா சும்மா அறும். அந்த மாதங்களில விடிய வெள்ளன, வெயில் ஏறமுன்னம், வீட்டுக்குள்ள இருந்து நூற்கப் பாருங்கோ, பக்கத்தில ஈரச்சாக்கு ஒண்டைத் தொங்கவிட்டாலும் வித்தியாசம் தெரியும். பழைய நெசவுக்காரர் தறியைக் குழிக்குள்ள வச்சதுக்கும் ஒரு காரணம் மண்ணின்ர ஈரம் பாவு நூலை (தறியில நீட்டுக்கு இழுத்துக் கட்டுற நூல்) அறவிடாது எண்டதுதான். மாரியில நூற்க நல்ல சுகம், ஆனால் சாயம் போட்ட நூல் காயாது, பனைச் சாமான் பூஞ்சணம் பிடிக்கும். அதனால மாரிக்கு நூற்பு, கோடைக்குச் சாயமும் கழுவலும் எண்டு வருசத்தைப் பிரிச்சுக்கொண்டால் வேலை தானே ஒழுங்காகும்.

இனி மற்ற நாருகள். வாழை. குலை வெட்டின பிறகு தண்டைச் சும்மா அழுக விடுறம், தோட்டக்காரரிட்டக் கேட்டால் சந்தோசமாத் தருவினம். வெட்டி ஒரு நாள் ரெண்டு நாளுக்குள்ள நார் எடுத்துப்போட வேணும், பிந்தினால் மண்ணிறமாகும். மடலை உரிச்சு ரெண்டு மூண்டு அங்குல அகலத்துக்குக் கிழிச்சு, பலகையில விரிச்சு, மொட்டைக் கத்தியின்ர முதுகால நீட்டுக்கு வழிச்சால் தண்ணியும் சதையும் போய் வெள்ளை நார் மினுமினுத்துக்கொண்டு நிக்கும். வெளி மடல் நார் முரடு, கயிறு, பைக்கு நல்லது. உள் மடல் நார் பட்டு மாதிரி. வாழைக்கயர் உடுப்பில பட்டால் போகாது, பழைய உடுப்போட இருங்கோ. நிழலில காய வையுங்கோ. இந்த நாரைப் பருத்தி மாதிரித் தக்ளியில இழுத்து நூற்க வெளிக்கிடாதேங்கோ, அது ஒரு ஆள் உயரத்துக்கு நீளமான நார், இழுக்க வேண்டிய தேவையே இல்லை. மெல்லிசாக் கிழிச்சு நுனியோட நுனி சின்ன முடிச்சாப் போட்டுக்கொண்டு போறதுதான் முறை. ஜப்பானின்ர ஒக்கினாவாத் தீவில பஷோஃபு எண்டு வாழைநார்த் துணி நெய்யினம், அங்கயும் நாரைச் சாம்பல் தண்ணியில அவிச்சு, கிழிச்சு, ஒவ்வொண்டா முடிஞ்சுதான் நூலாக்கிறது, ஒரு கிமோனோவுக்கு ஏறத்தாழ 200 வாழை தேவைப்படுமாம். நாங்கள் கிமோனோ நெய்யத் தேவையில்லை, ஒரு சின்னக் கைப்பைக்கு ஒரு சில தண்டு காணும். வேலை செய்யேக்க நாரை ஈரத்துணியால துடைச்சுக்கொண்டே இருங்கோ, உலர்ந்தால் முறியும்.

சணலைக் கனபேர் மறந்துபோச்சினம். காலபோக (மாரிப் போகம்) நெல்லு வெட்டின பிறகு வயலில பசளைக்கு விதைக்கிற அதே மஞ்சள் பூச் சணல்தான். பூக்கேக்க உழுது மண்ணோட பிரட்டிப்போடுவினம். உழமுன்னம் வயற்காரரைக் கேட்டு வரம்போரத்தில நாலு கட்டு வெட்டி எடுங்கோ, பட்டையில நல்ல பலமான நார் இருக்கு. கட்டாக் கட்டித் தண்ணியில அமத்தி, மேல கல்லு வச்சு ஊறப்போட்டால் ஒரு கிழமை அளவில பட்டை வழுக்கிக்கொண்டு கழரும், நாள் சரியா இத்தனை எண்டு இல்லை, வெயிலைப் பொறுத்தது, தினமும் ஒரு தண்டை எடுத்துப் பாருங்கோ, கூட நாள் விட்டால் நாரும் சேந்து அழுகும். நாத்தம் வரும். சனம் குளிக்கிற குளத்திலயோ, கிணத்துக்குக் கிட்டவோ இதைச் செய்யவே கூடாது, வீட்டில பழைய பரல் (பீப்பா) ஒண்டில போடுங்கோ, ஊறின தண்ணியை மரத்துக்கு ஊத்துங்கோ. சணல் நூல் சந்தைப் பை, வலைப் பை, இடுப்புப் பட்டி எல்லாத்துக்கும் திறம். கழுத்தில போடுற சால்வைக்கு வேண்டாம், உறுத்தும்.

இலவம்பஞ்சிலயும் எருக்கம் பஞ்சிலயும் நூல் நூற்கலாம் எண்டு சில பேர் வீடியோ போடுறது கண்டிருக்கிறன். பாக்கப் பளபளப்பு, ஆனால் ரெண்டு நாரும் வழுவழுப்பு, முறியிற குணம், ஒண்டையொண்டு பிடியாது. எருக்கம் பஞ்சைப் பருத்தியோட கொஞ்சம் கலந்து கோதினால் நூல் வரும், தனிய வராது. இலவத்தை ஊசிக்குத்தி மெத்தை, சின்னத் தலையணைக்கு உள்ளுக்கு அடையுங்கோ, அதுக்குத்தான் அது. எருக்குத் தண்டுப் பட்டை நார் வேற விசயம், அது நல்ல பலம், ஆனால் பால் கண்ணில பட்டால் ஆபத்து, சின்னப் பிள்ளையள் உள்ள வீட்டில தொடவேண்டாம்.

பனை பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சார்வோலையில பெட்டி, கடகம் இழைக்கிற ஆக்கள் பூநகரியில இருந்து முல்லைத்தீவு வரைக்கும் இருக்கினம், 1978இல தொடங்கின பனை அபிவிருத்திச் சபையும் இருக்கு. நான் சொல்லுறது என்னெண்டால் அவையோட போட்டி போடாமல் சேருங்கோ. ஓலைப் பை ஒண்டுக்கு முதல் பிய்யிறது கைபிடிதான். ஓலையில இழைச்ச கைபிடி மடிஞ்சு மடிஞ்சு முறியும். அந்தக் கைபிடியையும் வாயின்ர விளிம்பையும் நீங்கள் கைநூலில நெய்து குடுத்தால் ரெண்டு கைவினையும் ஒரு பையில நிக்கும், பை கன வருசம் உழைக்கும்.

இதில இருந்து நிட்டிங்கோ நெசவோ எண்ட கேள்விக்கு வருவம். நீங்கள் பின்னலைத்தான் பெரிசா நினைச்சிருக்கிறீங்கள், ஆனால் எங்கட நாருக்கு நெசவுதான் கூடப் பொருந்தும் எண்டது என்ர கருத்து. வூல் நூல் இழுத்து விட்டால் திரும்பச் சுருங்கும், பருத்தி அப்பிடி இல்லை, இழுத்த இடத்திலயே நிக்கும். பருத்தியில பின்னின தோள் கைபிடி தேங்காயும் கத்தரிக்காயும் போட்டால் முழங்கால் வரைக்கும் நீளும். தொப்பியின்ர இழுபட்டுச் சுருங்கிற ரிப் விளிம்பும் நாளடைவில தளரும். ஆகவே பருத்தியில பின்னுறதெண்டால் இழுவை இல்லாத சாமான், அதாவது சோப்புப் பை, முகம் துடைக்கிற துணி, சின்ன வலைப் பை, குழந்தைக்குக் கயிறு வச்சுக் கட்டுற தொப்பி, இதுகளைப் பின்னுங்கோ. எல்லாக் கண்ணியும் நிட் கண்ணியாப் போட்டால் விளிம்பு சுருளாது, ஒரு வரி நிட், ஒரு வரி பேர்ல் (எதிர்ப்பக்கக் கண்ணி) எண்டு போட்டால் சுருளும், பருத்தியில அதை அயர்ன் பண்ணினாலும் திரும்பிச் சுருளும். பாரம் தாங்கிற எல்லாத்தையும் நெய்யுங்கோ.

நெய்யிறதுக்குத் தறி இல்லையே எண்டு யோசியாதேங்கோ. அட்டை நெசவு எண்டு ஒண்டு இருக்கு, தறியே இல்லாமல் பட்டி நெய்யிறது, தொடக்கத்துக்கு இதை விட நல்லதைக் காணேல்ல. தடிச்ச மட்டையில ஆறு சென்ரிமீற்றர் சதுரமா 20 அட்டை வெட்டி நாலு மூலையிலயும் ஓட்டை போடுங்கோ, பழைய விளையாட்டுக் காட்ஸ் கூட்டத்தையும் சதுரமா வெட்டலாம். ஒரு அட்டைக்கு நாலு நூல், 20 அட்டைக்கு 80 நூல், ஒவ்வொண்டும் ரெண்டு மீற்றர். ஒரு தலைப்பை யன்னல் கம்பியிலயோ மாமரத்திலயோ கட்டி மற்றத் தலைப்பை உங்கட இடுப்பில கட்டி இழுவையா இருங்கோ. அட்டையெல்லாத்தையும் ஒண்டாப் பிடிச்சுக் கால் வட்டம் திருப்பினால் மேல் நூலுக்கும் கீழ் நூலுக்கும் இடையில வாய் திறக்கும், அதுக்குள்ளால ஊடை நூலை (குறுக்கால போற நூல்) விட்டு, ஒரு மரத் தட்டால அடிச்சு, திரும்பக் கால் வட்டம். நாலு தரம் முன்னுக்கு, நாலு தரம் பின்னுக்கு. நூலை எந்த நிறத்தில எந்த ஓட்டையில கோர்க்கிறீங்கள் எண்டதிலதான் டிசைன் முழுக்க இருக்கு. நாலு நாலு நூலா முறுகி வாறபடியால் இந்தப் பட்டி சாதாரண நெசவை விடப் பலம், நூல் தடிப்பைப் பொறுத்து ரெண்டு மூண்டு சென்ரிமீற்றர் அகலம் வரும். பைக் கைபிடி, இடுப்புப் பட்டி, கமராப் பட்டி, கைப்பட்டி, சாவிக்கொத்து எல்லாம் இதில இருந்து வரும்.

பாவுக்குப் போடுற நூலுக்கு ஒரு கவனம் வேணும். ஊடை நூல் கொஞ்சம் மெத்தெண்டு இருந்தாலும் பரவாயில்லை, பாவு நூல் கூட முறுக்கோட ரெட்டை நூலா இருக்க வேணும், அதுக்கு மேல அரிசிக் கஞ்சித் தெளிவில தோய்ச்சுப் பிழிஞ்சு இழுவையில காய விட வேணும், இல்லாட்டி நூலின்ர சுணையெல்லாம் ஒண்டோடொண்டு ஒட்டி அட்டை திரும்பாது. நெய்து முடிஞ்சு கழுவினால் கஞ்சி போயிடும்.

இப்ப சால்வை. கணக்கைப் பாருங்கோ, பிறகு நீங்களே முடிவெடுப்பீங்கள். 35 சென்ரிமீற்றர் அகலம், 160 சென்ரிமீற்றர் நீளம், ஒரு சென்ரிமீற்றருக்கு எட்டு நூல் எண்டு வையுங்கோ. பாவுக்கு 280 நூல், தறியில வீண்போறதையும் சேத்து ஒவ்வொண்டும் 2.1 மீற்றர், 588 மீற்றர். ஊடைக்கு ஒரு 490 மீற்றர் பிடியுங்கோ. மொத்தம் ரெட்டை நூல் ஏறத்தாழ 1080 மீற்றர், எண்டால் ஒத்தை நூல் 2160 மீற்றர். பாரம் பாத்தால் அறுபது எழுபது கிராம்தான், ஆனால் தக்ளியில நல்லாக் கை பழகின ஆள் மணித்தியாலத்துக்கு ஒரு நூறு மீற்றர் நூற்றாலே பெரிய விசயம், அப்ப நூற்க மட்டும் 21 மணித்தியாலத்துக்கு மேல போகுது, கோதிறது, ரெட்டைப்படுத்திறது, பாவோட்டுறது, நெய்யிறது எல்லாம் புறம்பு. அதே நேரம் மேல சொன்ன பட்டி ஒண்டுக்கு பாவு 160 மீற்றர் ரெட்டை நூல், ஊடை கொஞ்சம். பட்டியில தொடங்குங்கோ எண்டு நான் சொல்லுறது இதுக்காகத்தான். இராட்டை இருந்தால் வேகம் மூண்டு மடங்குக்குக் கிட்ட வரும், ஆகவே சால்வைக்குப் போறதுக்கு முன்னம் ஒரு பெட்டி இராட்டை தேடுங்கோ, இந்தியாவுக்குப் போய் வாற ஆக்களிட்டச் சொல்லி வச்சால் கொண்டு வருவினம், மடிச்சால் ஒரு சின்னப் பெட்டிதான். 1927 நவம்பரில காந்தி கதர் நிதிக்கு எண்டு யாழ்ப்பாணம் வந்துபோன பிறகு இந்தப் பக்கமும் கதரும் இராட்டையும் பேச்சா இருந்த காலம் உண்டு, பழைய வீடுகளின்ர பரணில கேட்டுப் பாக்கிறதிலயும் பிழையில்லை.

இடையில ஒரு வழியும் இருக்கு. பாவுக்கு மில் பருத்தி நூல் போட்டு ஊடைக்கு மட்டும் கைநூல் போடலாம், பாவு அறாது, நேரம் பாதியாகும், துணியில கைநூலின்ர அந்த ஏத்த இறக்கம் வடிவாத் தெரியும். ஆனால் லேபலில "பாவு மில் நூல், ஊடை கைநூல்" எண்டு எழுத வேணும். முழுக்கக் கைநூல் எண்டு சொல்லி விக்கக்கூடாது, வாங்கிற சனத்தில தெரிஞ்ச ஒரு ஆள் காணும் உங்கட பேரைக் கெடுக்க, அதை விட நேர்மையா நூற்கிற மற்றப் பெண்டுகளின்ர உழைப்பையும் அது மதிப்பில்லாமல் ஆக்கும்.

சாயத்தில வன்னிக்கு ஒரு பெரிய சரித்திரம் இருக்கு, எங்கட பிள்ளையளுக்கு அது தெரிய வேணும் எண்டது என்ர ஆசை. மன்னார், வன்னி, யாழ்ப்பாணக் கரையோர மணலில தானா முளைக்கிற சாயவேர் எண்ட சின்னச் செடியின்ர வேர்ப்பட்டையில சிவப்புச் சாயம் இருக்கு. ஒல்லாந்தர் காலத்தில இதைக் கிண்டுறதும் விக்கிறதும் அவையின்ர தனி உரிமை, கிண்டிக் குடுக்கிறது சில ஆக்களுக்குக் கட்டாய ஊழியமாவே இருந்தது. அந்தச் சிவப்பைக் குடுக்கிறது அலிசரின் எண்ட பொருள். 1868-69 அளவில ஐரோப்பாவில அதை இரசாயனமாச் செய்யக் கண்டுபிடிச்சாப் பிறகு வேருக்கு இருந்த மவுசு போச்சு. இப்பவும் செடி இருக்கு, ஆனால் வேரைக் கிண்டினால் செடி செத்துப்போகும், கரையோர மணலில எல்லாத்தையும் கிண்டி எடுக்காதேங்கோ, விதை எடுத்து வீட்டில மணல் பாத்தியில வளத்து எடுங்கோ.

தினசரி வேலைக்கு வேற இருக்கு. ஆவரசம் பூ நல்ல மஞ்சள், வெங்காயத் தோல் செம்மஞ்சள், தேங்காய் மட்டை மண்ணிறம், தேக்கங் கொழுந்து கசக்கினாலே கை சிவக்கும், நுணா வேரில மஞ்சளும் சிவப்பும். மாதுளந்தோல் மங்கின மஞ்சள். மஞ்சள் தூள் மட்டும் வேண்டாம், ரெண்டு வெயிலுக்கு நிக்காது. பருத்தி சாயத்தை லேசாப் பிடியாது, அதுக்கு முன் வேலை வேணும். சோடாவில அவிச்ச நூலை முதல் கடுக்காய்த் தண்ணியில ஒரு இரவு ஊற விட்டு, பிழிஞ்சு, பிறகு படிகாரத் தண்ணியில போடுங்கோ, நூல் 100 கிராம் எண்டால் படிகாரம் 10இல இருந்து 15 கிராம். இந்த ரெண்டும் செய்யாத நூலில போட்ட சாயம் நாலு கழுவலில போயிடும், வாங்கின ஆள் திரும்ப வரமாட்டார்.

தண்ணியைக் கவனியுங்கோ, எங்கட பக்கத்தில இது பெரிய பிரச்சினை. குழாய்க்கிணத்துத் தண்ணியில சில இடத்தில இரும்பு இருக்கு, வாளியில செங்காவி படியிறதைப் பாத்திருப்பீங்கள். கடுக்காய் ஊறின நூலை அந்தத் தண்ணியில போட்டால் மஞ்சள் வர வேண்டிய நூல் சாம்பல் நிறமாப் போகும். வேணுமெண்டே சாம்பலும் கறுப்பும் எடுக்கிறதெண்டால் துருப்பிடிச்ச ஆணியைப் புளிச்ச தண்ணியில ஊற விட்டு அதைப் பாவிக்கலாம், ஆனால் இரும்பு கூடினால் நூல் நாளடைவில பொடியும். மஞ்சள், சிவப்புக்கு மாரியில கூரைப் பீலியால வாற மழைத் தண்ணி பிடிச்சுப் பரலில சேத்து வையுங்கோ. சட்டியும் இரும்புச் சட்டி வேண்டாம், எவர்சில்வர் நல்லது. சமைக்கிற சட்டியில சாயம் காய்ச்சக்கூடாது.

மலைநாட்டில கண்டிக்குப் பக்கத்தில தும்பறைப் பாய் நெய்யிற ஆக்கள் ஆனைக்கற்றாழை நாரில, மரமஞ்சள், பதிமுகம் போட்ட சாயத்தில, இண்டைக்கும் நெய்யினம், அதை 2021இல யுனெஸ்கோ பட்டியலில சேத்திருக்கு. ஏலுமெண்டால் ஒருக்காப் போய்ப் பாருங்கோ, அவையள் அதே நாரில சுவரலங்காரம், கைப்பை, மேசை விரிப்பு எண்டு சின்னச் சாமானுக்கு மாத்தி எடுத்த விதம் எங்களுக்குப் படிக்கக் கிடைக்கிற நேர்ப் பாடம்.

வருமானத்தைப் பற்றி. 2009இல போர் முடிஞ்சு சனம் மீள்குடியேறின காலத்தில கன இடத்தில பயிற்சி குடுத்தினம், மெசினும் குடுத்தினம், பிறகு நூல் வாறது நிண்டவுடன எல்லாம் மூலைக்குப் போச்சு. 2022 டொலர் நெருக்கடியில வெளி நூலை நம்பியிருந்த ஆக்கள் பட்ட பாடும் தெரியும்தானே. நூல் எங்கட வளவில இருந்து வந்தால் அந்தக் கயிறு அறாது, நான் இவ்வளவு எழுதுறதுக்குக் காரணமே இதுதான். ஆனால் தனிய ஒரு ஆள் நட்டு, கோதி, நூற்று, சாயம் போட்டு, நெய்து, வித்து எல்லாம் செய்ய ஏலாது. உங்கட மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில கதையுங்கோ. வயது போன அம்மாக்கள் பஞ்சு கோதட்டும், இருந்த இடத்தில செய்யலாம், அவைக்குக் கிராமுக்கு இவ்வளவு எண்டு காசு குடுங்கோ. ரெண்டு மூண்டு பேர் நூற்கட்டும், நீங்கள் நெய்யுங்கோ.

விலை போடேக்க ஒரு கொப்பியில ஒவ்வொரு வேலைக்கும் போன மணித்தியாலத்தை எழுதி, உங்கட ஊரில ஒரு நாள் கூலி எவ்வளவோ அதை வச்சுப் பெருக்குங்கோ. அந்தத் தொகை சந்தையில விக்கிற மெசின் பையை விடப் பல மடங்கு வரும், வரத்தான் வேணும். குறைக்காதேங்கோ. அந்த விலைக்கு உள்ளூர்ச் சந்தையில விக்காது, யாழ்ப்பாணம், கொழும்பில வெளிநாட்டுக்காரர் வாற கடையள், வெளிநாட்டில இருந்து ஆடி, ஆவணி லீவுக்கு வாற சொந்தக்காரர், கலியாணத்துக்குப் பரிசு தேடுற ஆக்கள், இவைதான் உங்கட வாடிக்கை. லேபலில நார் என்ன, எந்த ஊர்ப் பஞ்சு, என்ன சாயம், எப்பிடிக் கழுவுறது எண்டு நாலு வரி போடுங்கோ, பச்சைத் தண்ணி, சோப்பு கொஞ்சம், நிழலில காயப்போடவும் எண்டு.

இப்ப செய்ய வேண்டியது, இந்தக் கிழமை தக்ளியைச் செய்து, பக்கத்து வளவில பருத்தி நிக்குதோ எண்டு விசாரிச்சு ஒரு பை பஞ்சு எடுத்துக் கோதிப் பாருங்கோ. முதல் வாற நூல் தடிப்பும் மெலிவுமாத்தான் இருக்கும், அதை எறியாமல் அட்டை நெசவுக்கு ஊடையாப் போடலாம். ரெட்டைப்படுத்தி அவிச்சுக் காய்ஞ்ச பிறகு ஒரு முழ நூலை வெள்ளைக் கடதாசியில வச்சு, பக்கத்தில ஒரு அடிமட்டமும் வச்சு, கிட்டப் படம் எடுத்து அனுப்புங்கோ. முறுக்கு கூடவோ குறைவோ எண்டு பாத்துச் சொல்லுறன், அதுக்குப் பிறகு பாவு போடலாம்.